மலைநாட்டுக்கு வந்த ஓட்ட நாய்கள்



நாய் என்றதும் வீட்டு வாயிலில் படுத்துக் காவல் காக்கும் பிராணியே நம் நினைவில் எழுகிறது. ஆனால் நாய்கள் யாவும் ஒரே இயல்பினவல்ல. காவலுக்கென வளர்க்கப்பட்ட இனங்கள் உண்டு. மந்தை மேய்க்க வளர்க்கப்பட்டவை உண்டு. நாள் முழுவதும் ஓடுவதற்கென்றே தலைமுறை தலைமுறையாகப் பழக்கப்பட்டவையும் உண்டு. பனிவண்டி இழுக்கும் சைபீரிய ஹஸ்கி இந்த மூன்றாம் வகையைச் சேர்ந்தது. இக்காலத்தில் அழகுக்காக அதனை வாங்குவோர் நம் நாட்டிலும் உண்டு. “கொழும்பின் வெப்பம் அதற்கு ஆகாது, நுவரெலியாவின் குளிரில் வாழுமே” என்று கருதுவோரும் இருக்கின்றனர். இக்கருத்து எவ்வளவு தூரம் சரியானது? நமது மலைநாட்டின் பழைய வரலாறு ஒன்று இதற்கு விடை தருகிறது.

சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர், காய்ச்சலால் மெலிந்த உடலைத் தேற்றிக்கொள்வதற்காக நுவரெலியாவுக்கு வந்தார். அதன் குளிர்ந்த காற்று அவருக்குப் புத்துயிர் அளித்தது. இங்கிலாந்தைப் போன்றதொரு பண்ணையை இம்மலையிலேயே அமைத்துவிடலாம் என்று அவர் துணிந்தார். 1848ஆம் ஆண்டில் குடியேறும் மக்கள், உழவுக் கருவிகள், உயர்சாதிப் பசு, காளை ஆகியவற்றோடு நரிவேட்டை நாய்களும் கப்பலேறி வந்தன. அந்தப் பசு மலையை அடையுமுன் வழியிலேயே மடிந்தது. குடித்திருந்த குதிரைக்காரன் ஒருவனால் கணவாய்ப் பாதையில் விரட்டப்பட்ட யானையும் உயிரிழந்தது. பிராணியின் இயல்பை அறியாதவன் கையில் அது படும் பாட்டுக்கு இவ்விரண்டும் சான்றுகளாகும்.

நாய்களின் கதை என்ன? இங்கிலாந்தின் திறந்த வயல்வெளிகளில் நரியைத் துரத்துவதற்குப் பழகிய நாய்கள் அவை. இங்கோ அடர்ந்த காடும், செங்குத்தான பள்ளத்தாக்கும், பாறைகளினூடே பாயும் ஆறுகளும் எதிர்ப்பட்டன. வேட்டையோ நரியன்று, வெள்ளையர் ‘எல்க்’ என்று அழைத்த மரை. துரத்தப்பட்ட மரை ஆழமான மடுவில் இறங்கித் திரும்பி நின்று கொம்பினாலும் குளம்பினாலும் தாக்கும். காட்டு ஓரங்களில் சிறுத்தைகள் நாய்களைக் கவர்ந்து சென்றன. தூய நரிவேட்டை நாய் மட்டும் இம்மலைக்குப் போதாது என்பதைப் பேக்கர் உணர்ந்தார். மோப்பம் பிடித்து ஓடும் நாய்களோடு, பாய்ந்து பற்றும் வலிய நாய்களையும் கலப்பினங்களையும் சேர்த்துத் தம் கூட்டத்தை அமைத்துக்கொண்டார். 1855இல் அவர் இலங்கையை விட்டு நீங்கினார். ஆயினும் தோட்டத்துரைமாரிடையே அவ்வேட்டைப் பழக்கம் நெடுங்காலம் நீடித்தது. ஹோர்டன் சமவெளி அவர்களது வேட்டைக்களமாயிற்று.

இதிலிருந்து அறியத்தக்கது யாது? குளிர் ஒன்று மட்டுமே நாயின் தேவை அன்று. நிலமும் தொழிலும் அதனினும் முதன்மையானவை. இதே அளவுகோலால் ஹஸ்கியை எடைபோட்டுப் பார்ப்போம்.

வடகிழக்குச் சைபீரியாவின் சுக்சி மக்கள் வளர்த்த நாயினம் அது. 1925ஆம் ஆண்டில் அலாஸ்காவின் நோம் நகரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, ஏறத்தாழ இருபது வண்டியோட்டிகள் நாய்க்கூட்டங்களை மாற்றி மாற்றி ஓட்டி, 1,085 கிலோமீட்டர் தூரத்தை ஐந்தரை நாளில் கடந்து மருந்து சேர்த்தனர். டோகோ, பால்டோ என்ற நாய்களின் பெயர்கள் அதனால் உலகறிந்தன. அத்தகைய ஆற்றலுடைய பிராணியைச் சங்கிலியில் கட்டி வைத்தால் அது மண்ணைத் தோண்டும், வேலியைத் தாண்டும், ஊளையிடும். அந்நியரிடமும் அன்பு காட்டுவதால் காவலுக்கும் உதவாது. ஆனால் கோழியையும் பூனையையும் கண்டால் துரத்தும் இயல்புடையது. லயன் வாசலில் கோழி வளர்த்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு இது சிறிய செய்தியன்று.

இனிக் குளிரைப் பற்றி ஒரு சொல். சைபீரியாவின் குளிர் வறண்ட குளிர்; நமது மலையின் குளிரோ ஈரக்குளிர். நுவரெலியாவில் தை, மாசி மாதங்களில் உறைபனி விழுவதுண்டு. ஆயினும் மழையும் மூடுபனியுமே மிகுதி. ஹஸ்கியின் உடலில் இரண்டு அடுக்கு மயிர் உண்டு. உள்ளடுக்கு நனைந்து உலராமல் இருந்தால் தோல்நோய் பற்றும். ஆகையால் நாள்தோறும் சீவி உலர்த்துதல் வேண்டும். வெயிலுக்கு அஞ்சி மயிரை மழித்துவிடலாகாது; அம்மயிரே வெயிலிலிருந்தும் தோலைக் காப்பது. உண்ணி, அட்டை ஆகியவற்றைத் தேடி அகற்றுவதும், விசர்நோய்த் தடுப்பூசி போடுவதும் எந்த நாய்க்கும் செய்யவேண்டிய கடமைகள். அட்டன், தலவாக்கலைப் பகுதித் தோட்டங்களில் இன்றும் சிறுத்தைகள் நடமாடுகின்றன. இரவில் நாயை வெளியே விடுவது அதனை இரையாக்குவதற்கு ஒப்பாகும். நாயை இழந்தவன் சினங்கொண்டு கம்பி வலை வைத்தால், அதில் சிறுத்தையும் மாளும்.

பேக்கர் காலத்தில் மரைகளைத் துரத்திய ஹோர்டன் சமவெளி 1988இல் தேசிய பூங்காவாயிற்று. அங்கே இன்று மரைகள் அச்சமின்றி மேய்கின்றன. பழைய வேட்டை ஒழிந்தது; ஆனால் அந்நிய நாயை அதன் தேவை அறியாமல் கொண்டுவரும் ஆசை ஒழியவில்லை. ஓடுவதற்கு இடமும், ஓட்டுவதற்கு நேரமும், உலர்த்துவதற்குப் பொறுமையும் உடையவரே ஓட்ட நாயை வளர்க்கத் தகுதியுடையவர். மற்றவர்க்கு, இம்மண்ணின் மழைக்கும் பனிக்கும் பழகிய நமது நாட்டு நாயே நல்ல துணை.