பணியாரம் விற்றவள்

தூத்துக்குடின்னதும் ஞாபகம் வர்றது முத்து, உப்பு, மக்ரூன், வ.உ.சி. துறைமுகம். முத்துக்குளித்துறை வரலாற்றைப் புரட்டினா நடுவுல ஒரு தெருச்சண்டையும் வரும்.

1530களின் தொடக்கம். தெருவில் பணியாரம் விற்ற ஒரு பரதவப் பெண்ணை முஸ்லிம் ஒருவர் அவமானப்படுத்தினாராம். தட்டிக்கேட்ட புருஷனின் காது கடுக்கனோடு அறுந்ததாம். (சில வடிவங்களில் அந்தப் பெண்ணே கிடையாது, நேரா காதுதான்!) அப்புறம் கலவரம், கொலை. ஜோவா தா குருஸ் என்ற குதிரை வியாபாரியின் யோசனைப்படி பரதவர்கள் கொச்சிக்குப் போய்ப் போர்த்துகீசியரிடம் உதவி கேட்டார்கள். 1537 வாக்கில் கரை நெடுக ஞானஸ்நானம், 1538ல் வேதாளைச் சண்டை, 1542ல் சவேரியார். இதை வெறும் மதச்சண்டையா படிக்கிறவங்களோட எனக்கு உடன்பாடில்லை. முத்துக்குளிப்பு யார் கையில் என்பதுதான் நிஜமான தகராறு.

எனக்கு உறுத்துறது வேற. காதுக்கு வரலாற்றில் இடம் இருக்கு. அவளுக்குப் பேர்கூட இல்லை. அவளை என்ன சொன்னாங்க, மறுநாள் பணியாரச் சட்டியோட தெருவுக்கு வந்தாளா, ஒண்ணும் கிடையாது. அவளுக்கு நடந்தது புருஷனுக்கு நடந்ததா ஆகி, அப்புறம் ஊருக்கே நடந்ததா ஆயிடுச்சு.

பழைய கதைதானேன்னு விட்டுடலாம். ஆனா 460 வருஷம் தாண்டி, அங்கேருந்து கொஞ்சம் மேற்கே வாங்க. தென்காசி பஸ் ஸ்டாண்ட், 1999 ஜூலை 9, ராத்திரி 11 மணி. கணவரோடு பஸ்ஸுக்கு நின்ற பெண்ணிடம் வம்பு பண்ணினது, குற்றாலம் சீசன் பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர். மனைவியை அனுப்பலேன்னா கேஸ் போட்டுடுவேன்னு கணவருக்கு மிரட்டல் வேற.

அப்போ சட்டம் புத்தம் புதுசு. 1998 ஜூலையில் சென்னையில் எத்திராஜ் கல்லூரி மாணவி சரிகா ஷா ஒரு ஆட்டோ கும்பலின் அட்டகாசத்தில் இறந்த பிறகு வந்தது. பேரு 'ஈவ் டீசிங்' தடைச் சட்டம். (ஏவாளை யாருங்க கிண்டல் பண்ணினா? உயிர் போன விஷயத்துக்கு 'டீசிங்'காம்.) 2002ல்தான் பேரைப் 'பெண்களுக்கு எதிரான வன்கொடுமை' என்கிற அர்த்தத்தில் மாத்தினாங்க.

தென்காசி வழக்கும் அந்தச் சட்டத்தில்தான் பதிவானது. கோர்ட்டில் கணவனும் மனைவியும் பிறழ்சாட்சி. போலீஸ்காரர் விடுதலை. உள்ளூர்ல போலீஸை எதிர்த்து சாட்சி சொல்றது எப்படின்னு தென்மாவட்டத்துக்காரங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. துறை விசாரணையில் அவரை டிஸ்மிஸ் பண்ணினாங்க, ஹைகோர்ட் அதை ரத்து பண்ணிச்சு, 2012 நவம்பர் 30ல் சுப்ரீம் கோர்ட் டிஸ்மிஸ் சரிதான்னு சொல்லிச்சு. 13 வருஷம் நடந்த வழக்கு, கடைசியில் அவர் வேலை பத்தினது.

தீர்ப்போட வால்பகுதியில்தான் மத்த பெண்கள் வர்றாங்க. பஸ் ஸ்டாண்ட், ரயில்வே ஸ்டேஷன், தியேட்டர், பீச் எல்லாத்துலயும் மஃப்டியில் பெண் போலீஸ், முக்கியமான இடங்களில் சிசிடிவி கேமரா, மூணு மாசத்துக்குள்ள ஹெல்ப்லைன்னு எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவு போட்டாங்க. பஸ்ஸுக்குள்ள தொல்லைன்னு பெண் புகார் சொன்னா, வண்டியை நேரா பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்கு விடணும்னும் அதுல இருக்கு.