உதயம்பேரூர் கண்டித்த நம்பிக்கை

1599 ஜூன் மாதத்தில், கொச்சிக்கு அருகிலுள்ள உதயம்பேரூரில், கோவாப் பேராயர் அலெக்சோ டி மெனெசிஸ் தலைமையில் ஒரு திருச்சபைச் சங்கம் கூடியது. கேரளத்தின் தோமா கிறிஸ்தவர்களை உரோமையின் ஒழுங்குக்குள் கொண்டுவருவதே அதன் நோக்கம். அவர்களிடையே நிலவிய ஒரு கருத்தை அதன் தீர்மானம் ஒன்று பிழையெனக் கண்டித்தது: எல்லா மார்க்கங்களும் நல்லவையே, அவரவர் மார்க்கத்தில் நின்றே அவரவர் மீட்படையலாம். பிற சமயத்தாரோடு கலந்து வாழ்ந்ததால் வந்த பிழை இது என்பது சங்கத்தின் விளக்கம்.

சங்கத்தாருக்கு இதில் ஐயமே இல்லை. திருச்சபைக்கு வெளியே இருப்போர்க்கு மீட்பில்லை என்று 1442இலேயே புளோரன்ஸ் சங்கம் அறிவித்திருந்தது. ஆனால் தோமா கிறிஸ்தவர்களுக்கோ, 'வெளியே இருப்போர்' என்பவர் தலைமுறை தலைமுறையாக அடுத்த வீட்டில் வாழ்ந்தவர். நேர்மையாக வாழும் அவரை, வேறு சமயத்தில் பிறந்த காரணத்திற்காகவே நரகத்திற்கு அனுப்பும் கடவுளை நீதிமான் என்பதா, இரக்கமுள்ளவர் என்பதா?

1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இக்கேள்விக்கு முகங்கொடுத்தது. தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாதிருந்தும், நேரிய உள்ளத்தோடு கடவுளைத் தேடி, மனச்சான்றின்படி நடப்போர் மீட்படையக்கூடும் என்றது. எல்லா மார்க்கங்களும் சமம் என்று அது கூறவில்லை. மீட்பு கிறிஸ்துவின் வழியே என்பதில் உறுதியாகவே நின்றது. இருப்பினும், அடுத்த வீட்டாருக்கு அடைபட்டிருந்த கதவு திறந்தது.

உதயம்பேரூர் பிழையென ஒதுக்கியது ஒரு விடையை. அவ்விடையை எழுப்பிய கேள்வியையோ திருச்சபையால் ஒதுக்க இயலவில்லை.