முகவரிப் பட்டியலின் அரசியல்: அமெச்சூர் எழுத்து பற்றிச் சில குறிப்புகள்

எழுதுகிற நண்பர்கள் இரண்டு மூன்று பேர் கூடினால் இப்போதெல்லாம் பேச்சு மின்மடல் இதழில் வந்து நிற்கிறது. 'அச்சகத்துக்கு அலைய வேண்டாம், பேப்பர் விலை பத்திக் கவலை இல்லை, எழுதிட்டு ஒரு பொத்தானை அழுத்தினா ஐநூறு பேருக்குப் போயிடுது' என்கிறார்கள். எனக்கு மறுப்பில்லை. ஆனால் அமெச்சூர் எழுத்தின் வரலாற்றைப் பார்த்தால், 'அச்சடிப்பது எப்படி' என்ற கேள்வி ஒவ்வொரு தலைமுறையிலும் எப்படியோ தீர்ந்துவிட்டிருக்கிறது. தீராத கேள்வி வேறு. யாருக்கு அனுப்புகிறோம், அந்தப் பெயர்களும் முகவரிகளும் யார் கையில் இருக்கின்றன, நம் இதழை எந்தத் தரத்தில் சேர்க்க வேண்டும் என்று முடிவு செய்பவர் யார்? தொழில்நுட்பக் கொண்டாட்டத்தில் இந்தக் கேள்வி காணாமல் போய்விடுகிறது.

1867இல் பாஸ்டனைச் சேர்ந்த பெஞ்சமின் உட்ஸ் 'நாவல்டி' என்ற சிறிய கை அச்சு இயந்திரத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். சிறு கடைக்காரர்கள் தங்கள் விளம்பரச் சீட்டுகளைத் தாங்களே அடித்துக்கொள்ளட்டும் என்பது அதன் வியாபாரக் கணக்கு. அதை இறுகப் பிடித்துக்கொண்டவர்களோ பதின்வயதுப் பிள்ளைகள். அமெரிக்க நகரங்களில் கொல்லைப்புறத்திலும் மாடி அறையிலும் நாலு பக்கம், எட்டுப் பக்கம் என்று பத்திரிகைகள் கிளம்பின. கதை, கவிதை, தலையங்கம், அடுத்த ஊர்ப் பையனின் தலையங்கத்துக்குச் சூடான பதில். 1876 ஜூலை 4 அன்று பிலடெல்பியாவில் கூடி தேசிய அமெச்சூர் பத்திரிகைச் சங்கத்தையும் தொடங்கிவிட்டார்கள். விற்பதற்காக யாரும் அச்சடிக்கவில்லை. நீ உன் இதழை அனுப்பு, நான் என்னுடையதை அனுப்புகிறேன் என்பதுதான் ஏற்பாடு. வாசகர் என்று தனியாக ஒருவர் இல்லை, படித்தவரெல்லாம் எழுதினார்கள்.

1879 மார்ச் 3ஆம் தேதி அமெரிக்க அஞ்சல் சட்டம் வந்தது. அஞ்சலை நான்கு வகுப்பாகப் பிரித்த அந்தச் சட்டம், பருவ இதழ்களுக்கு இரண்டாம் வகுப்புச் சலுகை கொடுத்தது. பவுண்டுக்கு 2 சென்ட் (1885இல் இது 1 சென்டாகக் குறைந்தது). ஆனால் நிபந்தனை உண்டு. இதழுக்கு 'முறையான சந்தாதாரர் பட்டியல்' இருக்க வேண்டும். இலவசமாகவோ பெயருக்கு ஒரு விலை வைத்தோ சுற்றுக்கு விடப்படுகிற இதழ்களுக்குச் சலுகை கிடையாது. பிள்ளைகளின் பத்திரிகைகள் இந்தக் கதவில் முட்டி நின்றன. மூன்றாம் வகுப்புக்குத் தள்ளப்பட்டன. அங்கே கட்டணம் இரண்டு அவுன்ஸுக்கு 1 சென்ட். கணக்குப் போட்டுப் பாருங்கள்: கால் அவுன்ஸ் எடையுள்ள இதழ் 64 பிரதிகள் சேர்ந்தால் ஒரு பவுண்டு. இரண்டாம் வகுப்பில் அத்தனைக்கும் சேர்த்து 2 சென்ட். மூன்றாம் வகுப்பில் தனித்தனி முகவரிக்கு அனுப்பினால் 64 சென்ட். முப்பத்திரண்டு மடங்கு!

'அமெச்சூர்' என்றால் ஆர்வத்தால் எழுதுபவன், 'தொழில்முறை' என்றால் காசுக்கு எழுதுபவன் என்றுதான் நாம் வாய்ப்பாடு போலச் சொல்லிவருகிறோம். ஏதோ எழுதுகிறவனின் உள்மனத்தில் இருக்கிற குணம் மாதிரி. ஆனால் இங்கே அந்த எல்லைக்கோட்டைப் போட்டது அஞ்சலகத்தின் தராசும் கட்டணப் பட்டியலும். காசு கட்டிப் படிப்பவன் பட்டியலில் இருந்தால் உன் எழுத்து 'பொதுத் தகவல்', 'இலக்கியம்'. நண்பனுக்குச் சும்மா அனுப்பினால் அது வெறும் அச்சடித்த காகிதம். அதிகாரம் வகைப்படுத்துவதன் மூலம் பொருள்களை உற்பத்தி செய்கிறது என்று பூக்கோவை வைத்து நாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். ஒரு தபால்தலையில் அது எவ்வளவு எளிதாக நடந்துவிடுகிறது!

வகைப்படுத்தல் அரசிடம் மட்டும் இருந்தது என்று நினைத்துவிடக் கூடாது. அதே 1879இல் அந்தச் சங்கம் சின்சினாட்டியைச் சேர்ந்த ஹெர்பர்ட் கிளார்க் என்ற கறுப்பின இளைஞரை மூன்றாம் துணைத்தலைவராகத் தேர்ந்தெடுத்தது. தென்மாநிலத்து வெள்ளைப் பையன்கள் கொதித்துப்போய் எதிரணி சேர்த்தார்கள். எழுத்தும் அச்சும் எல்லோருக்கும் ஒன்றாக இருந்தபோது இவர்களுக்கு உறுத்தாதது, பட்டியலில் பெயர் மேலே வந்ததும் உறுத்திவிட்டது. அமெச்சூர் உலகம் சமத்துவ உலகம் என்று கற்பனை செய்துகொள்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போகலாம்.

பின்னால் பெயர் பெற்ற எச்.பி. லவ்கிராஃப்ட் 1914இல் இன்னொரு அமெச்சூர் சங்கத்தில் சேர்ந்து, 1915 முதல் 1923 வரை 'கன்சர்வேட்டிவ்' என்ற இதழை நடத்தினார். அப்பட்டமான இனவெறி அதில் வந்தது. சார்ல்ஸ் ஐசக்சன் என்ற யூத அமெச்சூர் எழுத்தாளர் தன் இதழில் அதைத் தாக்கினார், ஜேம்ஸ் மார்ட்டனும் சேர்ந்துகொண்டார். வெறுப்பும் பதிலும் ஒரே தபாலில், ஒரே வட்டத்துக்குள் போய் வந்தன. அந்த வெறுப்பின் மீது யாரும் தரகு வாங்கவில்லை என்பதை மட்டும் இங்கே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 1937இல் அறிவியல் புனைகதை ரசிகர்கள் தொடங்கிய சங்கத்தில் ஆளுக்கு இத்தனை பிரதி அடித்து ஒருவரிடம் அனுப்புவார்கள். அவர் கட்டுகளாக்கி எல்லோருக்கும் அனுப்புவார். உறுப்பினராக நீடிக்க வேண்டுமென்றால் ஆண்டுக்குக் குறைந்தது எட்டுப் பக்கம் எழுதியாக வேண்டும். சும்மா படிச்சுட்டு இருக்க முடியாது!

இங்கே நம் கதைக்கு வரலாம். நாவல்டி இயந்திரம் வந்த அதே 1867இல்தான் பிரிட்டிஷ் இந்திய அரசு பத்திரிகை மற்றும் புத்தகப் பதிவுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 2024 மார்ச் 1இல் புதிய சட்டம் நடைமுறைக்கு வரும்வரை, திருத்தங்களோடு, அது உயிரோடிருந்தது. தமிழ்ச் சிற்றிதழ்களின் அட்டையில் பார்த்திருப்பீர்கள், 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்று. பதிவு, உறுதிமொழி, அலைச்சல் எல்லாவற்றிலிருந்தும் விலகி நிற்க நாம் கண்டுபிடித்த சந்து அது. விலையாகப் பத்திரிகைக்கான அஞ்சல் சலுகையை இழந்தோம். சி.சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' தொடங்கியபோது கடைகளில் விற்பதில்லை, சந்தாதாரருக்கு மட்டும்தான் என்று அறிவித்தார். தன் பட்டியலைத் தானே தேடித் திரட்டுவது என்று எடுத்த முடிவு அது. ஊர் ஊராகச் சுமந்து போய் அவர் பட்ட பாடு எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

நான் பத்தாண்டுகள் ஒரு சிற்றிதழின் சந்தா நோட்டைப் பார்த்துக்கொண்டவன். மேலுறை ஒட்டி, முகவரி எழுதி, புக்போஸ்ட் என்று மூலையில் குறித்துப் போடுவது என் வேலை. அந்த நோட்டைப் பற்றி எனக்கு ஏக்கமொன்றும் கிடையாது. ஏனென்றால் அதிலிருந்த முகவரிகள் வெறும் முகவரிகளாக இல்லை. அக்ரகாரத் தெரு என்றும், இன்ன சாதித் தெரு என்றும், காலனி என்றும்தான் இருந்தன. என்ன படிக்கிறார் என்பது தபால்காரருக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக்குத் தெரியும். 'என் பேருக்கு வேணாம், அலுவலக முகவரிக்குப் போடுங்க' என்று எழுதிய பெண்கள் உண்டு. சாதி ஒழிப்புச் சிறப்பிதழை உறைக்குள் வைத்து ஒட்டி அனுப்புங்கள் என்று கேட்ட தோழர் உண்டு. காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தது 2025 ஏப்ரலில்தான். மின்னஞ்சல் முகவரியில் தெரு கிடையாது. இந்த ஒரு காரணத்துக்காகவே மின்மடலை நான் வரவேற்பேன்.

சரி, அந்தப் பட்டியல் யார் கையில் இருக்கிறது?

தமிழுக்கு இதில் ஓர் அனுபவம் ஏற்கெனவே உண்டு. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் அகத்தியர், மரத்தடி, ராயர் காப்பி கிளப் போன்ற யாகூ குழுமங்களில் அதுவரை எந்த இதழிலும் எழுதியிராத பலர் மடல்களாக எழுதிப் பழகினார்கள். 2019 இறுதியில் பழைய மடல்களை நீக்கத் தொடங்கிய நிறுவனம், 2020 டிசம்பர் 15இல் குழுமங்களையே மூடிவிட்டது. யாராவது தனியாக எடுத்து வைத்திருந்தால் உண்டு. செல்லரித்த சிற்றிதழாவது பழைய புத்தகக் கடையில் கிடைக்கும்.

அடுத்தது டைனிலெட்டர். 2010இல் பிலிப் கப்லான் தொடங்கியது. இலவசம், 5000 வாசகர்வரை. அந்தச் சின்ன வரம்புதான் அதன் அழகு என்பேன். நாட்குறிப்புக்கும் கட்டுரைக்கும் நடுவே ஒரு எழுத்து அங்கே வளர்ந்தது. 2011இல் மெயில்சிம்ப் அதை வாங்கியது, 2021இல் இன்ட்யூட் மெயில்சிம்பை வாங்கியது, 2024 பிப்ரவரி 29இல் டைனிலெட்டரை மூடினார்கள். அமெச்சூர்களால் லாபம் இல்லை. பழைய அஞ்சலகத்தின் வாதம், வேறு வாயில்.

2017இல் கிறிஸ் பெஸ்ட், ஹமிஷ் மெக்கன்சி, ஜெய்ராஜ் சேத்தி மூவரும் தொடங்கிய சப்ஸ்டாக் இந்த இடத்தைப் பிடித்தது. சும்மா எழுதினால் செலவில்லை. சந்தா வசூலித்தால் அதில் 10 சதவீதம் நிறுவனத்துக்கு. அவர்கள் முன்வைத்த பெரிய வாக்குறுதி, பட்டியல் உங்களுடையது, எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போகலாம் என்பது. இது பொய்யில்லை. 1879க்குப் பின் அமெச்சூருக்குக் கிடைத்த நல்ல நிபந்தனைகளில் இதுவும் ஒன்று என்றே சொல்வேன். ஆனால் 2023 ஏப்ரலில் 'நோட்ஸ்' என்ற குறும்பதிவுப் பகுதி வந்தது. அதன் தொடர்ச்சியாகச் 'சந்தாதாரர்' அல்லாத 'பின்தொடர்பவர்' என்று புது வகுப்பு ஒன்றும் முளைத்தது. பின்தொடர்பவரின் மின்னஞ்சல் உங்களிடம் வராது. நிறுவனத்தின் செயலிக்குள்தான் அவர் உங்களுக்கு வாசகர், வெளியே போனால் யாரோ. போதாததற்கு, 2013இல் ஜிமெயில் அஞ்சல்பெட்டியைத் தடுப்புகளாகப் பிரித்ததிலிருந்து, நாலு நாள் கண்விழித்து எழுதிய கட்டுரை புடவைத் தள்ளுபடி விளம்பரத்தோடு 'ப்ரொமோஷன்ஸ்' தடுப்பில் போய் விழுகிறது. மூன்றாம் வகுப்பு என்று இதற்குப் பெயர் வைத்தால் தப்பா?

2023 நவம்பரில் ஜொனதன் காட்ஸ் 'அட்லாண்டிக்' இதழில் எழுதிய கட்டுரை, நாஜிச் சின்னங்களை வெளிப்படையாகப் போட்டுக்கொண்ட குறைந்தது 16 மடலிதழ்கள் சப்ஸ்டாக்கில் இருப்பதைக் காட்டியது. அங்கே எழுதுகிற 200க்கும் மேற்பட்டோர் கூட்டாகக் கேள்வி கேட்டார்கள். தங்களுக்கும் நாஜிகளைப் பிடிக்காது, ஆனால் தடை செய்வதாலோ வருமானத்தை நிறுத்துவதாலோ பிரச்சினை தீராது என்று மெக்கன்சி பதில் சொன்னார். கருத்துச் சுதந்திரம் பற்றிய பழைய விவாதமாக இதைப் பார்த்தவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. லவ்கிராஃப்டின் வெறுப்புக்கு ஐசக்சன் பதில் எழுத முடிந்தது. அஞ்சலகம் இருவரிடமும் ஒரே கட்டணம் வாங்கியது, அதோடு சரி. இங்கேயோ வெறுப்பவனின் சந்தாவிலும் மறுப்பவனின் சந்தாவிலும் பத்தில் ஒன்று ஒரே கல்லாவில் விழுகிறது. வாசகர் கூடக்கூட கல்லா நிறைகிறது. பதில் எழுதுவதே அந்தக் கல்லாவுக்கு உழைப்பதாகிவிடுகிறது. 2024 ஜனவரியில் கேசி நியூட்டனின் 'பிளாட்ஃபார்மர்' தன் பட்டியலை எடுத்துக்கொண்டு கோஸ்ட் என்ற லாப நோக்கற்ற அமைப்பின் மேடைக்குப் போனது. கோஸ்ட் சந்தாவில் பங்கு கேட்பதில்லை, மாதக் கட்டணம் வாங்குகிறது. பட்டியல் கையிலிருந்ததால் போக முடிந்தது. மாதக் கட்டணம் கட்ட முடிந்ததாலும் போக முடிந்தது. முந்நூறு பேருக்குச் சும்மா அனுப்புகிற அமெச்சூருக்கு அந்த வழியில் சுங்கம் உண்டு.

2025 மார்ச்சில் காசு கட்டும் சந்தாக்கள் 50 லட்சத்தைத் தாண்டியதாகச் சப்ஸ்டாக் அறிவித்தது. தமிழ்நாட்டில் உட்கார்ந்து தமிழில் எழுதுகிறவருக்கு அந்தக் கணக்கில் நுழைவதே பாடு. பணம் வாங்க ஸ்டிரைப் கணக்கு வேண்டும். 2024 மே முதல் இந்தியாவில் அந்த நிறுவனம், தான் அழைப்பவர்களுக்கு மட்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டது. மாதாமாதம் தானாகப் பிடித்துக்கொள்ளும் கட்டணங்களுக்கு ரிசர்வ் வங்கி 2021 அக்டோபரில் நடைமுறைப்படுத்திய விதிகளும் உண்டு. ஆகவே நம்மவர்கள் இலவசமாக எழுதுகிறார்கள். 'பெயருக்கு ஒரு விலை'கூட இல்லை. 1879 சட்டத்தின் பார்வையில் இவர்கள் எந்த வகுப்பு என்று உங்களுக்கே தெரியும்.

எங்கள் இதழும் இப்போது மின்மடலாகவும் போகிறது. ஒவ்வொரு மாதமும் பட்டியலை இறக்கி இரண்டு பேர் கணினியில் வைத்துக்கொள்கிறோம். ஒரு நோட்டிலும் கையால் எழுதி வைக்கலாம் என்றேன். 'தெருப் பெயர் கேக்காதீங்க' என்றார் புதிதாகச் சேர்ந்த தோழர். மின்னஞ்சல் மட்டும் எழுதிவருகிறேன், ஒரு வரிக்கு ஒன்றாக.