உதகமண்டலத்தின் பொதுப் பூங்காக்கள்

நீலகிரி மலையில் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகமண்டலத்தின் பூங்காக்கள், புல்வெளிச் சரிவுகளிலும் சதுப்பு நிலத்திலும் உருவாக்கப்பட்டவை. 2011 கணக்கெடுப்பின்படி ஊரின் மக்கள்தொகை 88,430. கோடை சீசனில் வந்து போகிறவர்கள் அதைப்போலப் பல மடங்கு.

பூங்கா வருமுன் இந்த நிலம் சும்மா கிடக்கவில்லை. தோடர் பழங்குடியினர் எருமை மேய்த்த பூமி இது. தாவரவியல் பூங்காவின் மேற்சரிவில் அவர்களுடைய மஞ்சக்கல் மந்து என்ற குடியிருப்பு இன்றும் இருக்கிறது. வருகிறவர்கள் பலர் அதைப் பூங்காவின் காட்சிகளில் ஒன்றாகப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். உண்மையில் பூங்காதான் அதன் அருகே பின்னால் வந்து சேர்ந்தது.

கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1823-25 ஆண்டுகளில் ஓடைகளை மறித்து ஊரின் ஏரியை உருவாக்கினார். அன்று அது இன்றைய பேருந்து நிலையம், குதிரைப் பந்தயத் திடல் வரை பரந்திருந்தது. பிற்காலத்தில் அந்தப் பகுதிகள் மேடாக்கப்பட்டன. இப்போது எஞ்சியிருப்பது சுமார் 65 ஏக்கர். 1973 முதல் ஏரியின் படகு இல்லம் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் பொறுப்பில் உள்ளது.

தாவரவியல் பூங்கா தொடங்கியது காய்கறியில். 1840-களில் இங்கு குடியேறிய ஆங்கிலேயர்கள் மாதம் 3 ரூபாய் சந்தா போட்டு ஒரு காய்கறித் தோட்டம் நடத்தினார்கள். அது நிலைக்கவில்லை. பொதுப் பூங்கா அமைக்க 1847-இல் குழு கூடியது; மறு ஆண்டு லண்டன் கியூ தோட்டத்திலிருந்து வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் வந்தார். அவர் கைக்கு வந்த இடத்தில் மேலே புதர் மண்டிய காடு, கீழே சதுப்பு, நடுவே ஆழமான ஓடைப் பள்ளங்கள். சரிவைப் படிப்படியாகத் தட்டுகளாக்கி, சதுப்பின் நீரை வடித்து, புல்தரை போட அவருக்குப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. 1860-இல் மலேரியாவுக்கு மருந்து தரும் சின்கோனா மரங்களை நீலகிரியில் வளர்க்கும் பணியும் அவரிடமே வந்தது. சுமார் 55 ஏக்கர் பரப்புள்ள இப்பூங்காவில் குரங்கேறா மரம் கவனித்துப் பார்க்கத்தக்கது: தடித்த முக்கோண இலைகள் கிளை தெரியாமல் செதிள் செதிளாக அடுக்கியிருக்கும், ஒவ்வொன்றின் நுனியும் ஊசி. 2 கோடி ஆண்டுப் பழமையானதாகக் கூறப்படும் கல்லாகிப்போன அடிமரம் ஒன்றும் இங்குண்டு.

தாவரவியல் பூங்காவில் நடக்கும் மலர்க் கண்காட்சி 1896-இல் தொடங்கியது. 1908-இல் மலை ரயில் உதகை வரை வந்ததும் ஊருக்கு வருவது எளிதாயிற்று. கண்காட்சிக்காக மே மாதம் பூக்க வேண்டிய நாற்றுகளைக் கடும் பனிக்காலத்தைத் தாண்டிக் காப்பாற்றியாக வேண்டும். தோட்டக்கலைத் துறைத் தொழிலாளர்கள் அவற்றைக் கோத்தகிரி மிலார் செடிகளால் கூரை போல மூடுகிறார்கள். உறைபனியில் புல் கருகிவிடாமலிருக்க, விடிந்ததும் ஸ்பிரிங்ளரில் தண்ணீர் தெளிக்கிறார்கள். கண்காட்சியின் புகழில் பெரும்பங்கு, குளிரில் நின்று வேலை செய்யும் இவர்களுக்கே உரியது.

நூறாவது கண்காட்சியின் நினைவாக 1995-இல் விஜயநகரம் பகுதியில் ரோஜா பூங்கா திறக்கப்பட்டது. உலக ரோஜா சங்கங்களின் கூட்டமைப்பு 2006-இல் அதற்குச் சிறப்பு விருது வழங்கியது.

அண்மைக்கால மாற்றங்களில் முக்கியமானது குதிரைப் பந்தயத் திடல் கைமாறியது. ஊரின் நடுவே 52 ஏக்கர் நிலம். குத்தகைப் பாக்கிக்காக 2024 ஜூலையில் அரசு அதைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அங்கே சூழல் பூங்கா அமைக்கும் திட்டம் தோட்டக்கலைத் துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. அதே ஆண்டு மே 7 முதல், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானது. பூங்காக்களின் நெரிசலைக் குறைக்க ஓரளவு இது கைகொடுக்கும். கோடப்பமந்து கால்வாய் வழியாக ஊரின் கழிவுநீர் ஏரிக்குள் போவது நெரிசலைவிடப் பழைய, பெரிய சிக்கல். ஏரியைத் தூர்வாரும் ஒவ்வொரு முறையும் முதலில் அள்ள வேண்டியிருப்பது அந்தச் சேற்றைத்தான்.