தணிக்கை நிறுவனங்களில் முறை தாண்டிய உயர்வு

கணக்குத் தணிக்கை நிறுவனங்களில் ஆண்டுக்கு ஒருமுறை, குறித்த மாதத்தில், எல்லாருக்கும் சேர்த்துப் பதவி உயர்வு அறிவிக்கும் வழக்கம் அத்தொழிலோடு கூடப் பிறந்ததன்று. 19ஆம் நூற்றாண்டின் லண்டன் நிறுவனங்களில் ஒருவர் மேலேற வேண்டுமானால், பங்குதாரர் ஒருவர் இறந்தோ விலகியோ இடம் விட வேண்டும், அல்லது புதிய கிளைக்கு ஆள் தேவைப்பட வேண்டும். எனவே அங்கு நிகழ்ந்த உயர்வுகள் பெரும்பாலும் இன்றைய அளவுகோலின்படி முறை தாண்டியவையே.

நுழைவாயிலோ மிகக் குறுகியது. இங்கிலாந்து, வேல்ஸ் பட்டயக் கணக்காளர் கழகம் 1880இல் அரச சாசனம் பெற்றபின், அதில் உறுப்பினராக விரும்பிய இளைஞர் பொதுவாக ஐந்தாண்டுக் காலம் ‘ஆர்ட்டிகிள்டு கிளார்க்’ ஆக, அதாவது கணக்காளர் ஒருவரிடம் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்துத் தொழில் பழகுபவராக, இருக்க வேண்டியிருந்தது. அதற்காக அவருடைய குடும்பம் பெருந்தொகையைக் கட்டணமாகச் செலுத்துவதும் வழக்கமாயிருந்ததால், வசதியற்ற திறமைசாலிகள் பலர் எழுத்தர் மேசையிலேயே காலம் கழித்தனர். பெண்களுக்கு அந்த வாயிலும் அடைத்தே கிடந்தது. லண்டனில் சொந்தமாகத் தொழில் நடத்திவந்த மேரி ஹாரிஸ் ஸ்மித் 19ஆம் நூற்றாண்டிலேயே விண்ணப்பித்து மறுக்கப்பட்டு, 1920இல்தான் உறுப்பினராக ஏற்கப்பட்டார் என்பது அத்தொழிலின் வரலாற்றில் அழியாத கறை.

நுழைந்தவர்களுக்கு விரைந்த உயர்வைத் தந்தது கடல் கடந்த தொலைவு. எக்ஸெட்டர் நகரில் தொழில் பழகிய ஜார்ஜ் ஆலிவர் மே, 1897இல் பிரைஸ் வாட்டர்ஹவுஸ் நிறுவனத்தின் லண்டன் அலுவலகத்தில் சேர்ந்து, அதே ஆண்டு நியூயார்க்குக்கு அனுப்பப்பட்டார். அமெரிக்கத் தொழில்கள் பெரிய கூட்டு நிறுவனங்களாக இணைந்து தணிக்கைப் பணி பெருகிய அக்காலத்தில், 1902இல், தம் 27ஆம் வயதில் அவர் அங்கே பங்குதாரரானார். 1911இல் அமெரிக்க நிறுவனத்தின் தலைமையும் அவரிடம் வந்தது. அன்றைய பங்குதாரர் நிறுவனத்தின் கடனுக்குத் தம் சொந்தச் சொத்தையும் ஈடாக வைத்தவர் என்பதால், ஓர் இளைஞரை அந்த வரிசையில் சேர்த்தது வெறும் பாராட்டன்று. அவருடைய கையெழுத்துக்குத் தங்கள் உடைமைகளையே பிணையாக்க மூத்தவர்கள் முன்வந்த முடிவு அது.

ஆண்டுச் சுற்று வேரூன்றியதற்கு வரிச் சட்டமும் ஒரு காரணம். 1909இல் அமெரிக்க அரசு நிறுவனங்கள்மீது விதித்த வரி, டிசம்பர் 31இல் முடியும் ஆண்டுக் கணக்கைக் கோரியது. கணக்காளர்கள் எதிர்த்ததையடுத்து 1913ஆம் ஆண்டின் சட்டம் வேறு நிதியாண்டுக்கு இடமளித்தபோதும், பல நிறுவனங்கள் டிசம்பரிலேயே நிலைத்துவிட, தணிக்கை வேலை குளிர்கால மாதங்களில் குவிந்தது. கல்லூரிப் பட்டதாரிகளைத் தொகுதியாக எடுத்துப் பயிற்றுவிக்கும் முறையும் பரவியபின், உதவியாளர், முதுநிலையர், மேலாளர், பங்குதாரர் என்ற படிகள் உறுதிப்பட்டு, மதிப்பீடும் உயர்வும் வேலைப்பருவத்தை ஒட்டியே அமைந்தன. இடையில் ஒருவரை உயர்த்த விரும்பிய மேலாளர், அவருடைய திறமையோடு, உடன் சேர்ந்தவர்களை விட்டுவிட்டு அவரை மட்டும் உயர்த்துவதற்கான காரணத்தையும் சொல்லவேண்டிய நிலை அப்போதுதான் தோன்றியது.