செஞ்சிக் கோட்டை முற்றுகைகளும் வடகிழக்குப் பருவமழையும்

செஞ்சிக் கோட்டை விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் அமைந்துள்ளது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளையும் இணைத்துச் சுமார் 13 கி.மீ. நீளத்திற்கு இதன் மதில்கள் ஓடுகின்றன. கோனார்கள், விஜயநகர நாயக்கர்கள், பீஜப்பூர் சுல்தான்கள், மராத்தியர், முகலாயர், ஆற்காடு நவாபுகள், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என இக்கோட்டை கைமாறிய வரலாறு பலரும் அறிந்ததே. அந்த வரலாற்றில் வடகிழக்குப் பருவமழைக்கும் ஒரு பங்கு உண்டு. செஞ்சியை நோக்கி எந்த மாதத்தில் புறப்பட்டார்கள் என்பது பல படைகளின் போக்கை மாற்றியிருக்கிறது.

இரண்டு பருவமழைகள்

இந்தியாவின் பெரும்பகுதிக்கு மழைக்காலம் என்பது ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவமழைக் காலமே. வட இந்தியாவிலும் தக்காணத்திலும் படைகள் இக்காலத்தில் பாசறைகளில் தங்கிவிடும். மழை விட்டு, ஆறுகள் வடிந்து, குதிரைகளுக்குப் புல் வளர்ந்திருக்கும் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் படையெடுப்பு தொடங்கும். மராத்தியர் விஜயதசமி நாளில் எல்லை கடந்து புறப்படுவதை ஒரு சடங்காகவே கொண்டிருந்தனர்.

தமிழகத்தின் வடகரையில் நிலைமை வேறு. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் மறுபக்கத்திலேயே பெரும்பாலான நீரைக் கொட்டிவிடுவதால், செஞ்சி வட்டாரத்திற்குக் கோடையை அடுத்து மாலைநேர இடிமழைகளே மிகுதியாகக் கிடைக்கின்றன. அக்டோபரில் காற்று திசை மாறி, வங்கக் கடலின் ஈரத்தைச் சுமந்து வடகிழக்கிலிருந்து வீசத் தொடங்கிய பிறகே பெருமழை வருகிறது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெய்கிறது. ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்பது ஊர் வழக்கு. அதாவது, வடக்கே மழை முடிந்துவிட்டது என்று கருதிப் படைகள் புறப்படும் காலமே இங்கே மழை தொடங்கும் காலம்.

முகலாயர் முற்றுகை (1690–1698)

சிவாஜி 1677இல் செஞ்சியைக் கைப்பற்றி அதன் அரண்களை வலுப்படுத்தினார். அவருடைய மகன் ராஜாராம், தக்காணத்தில் முகலாயர் கை ஓங்கியபோது தப்பி வந்து 1689இல் செஞ்சியை அடைந்தார். மராத்திய அரசின் தலைநகரம் போலவே செஞ்சி அப்போது செயல்பட்டது. அவரைப் பிடிக்க ஔரங்கசீப் அனுப்பிய தளபதி சுல்பிகர் கான் 1690 செப்டம்பரில் கோட்டைக்கு முன் வந்து சேர்ந்தார். வடகிழக்குப் பருவமழைக்குச் சில வாரங்களே இருந்தன.

மூன்று குன்றுகளையும் சுற்றி வளைக்கும் அளவுக்கு அவரிடம் படை இல்லை. முற்றுகை ஆண்டுக்கணக்கில் நீண்டது. புந்தேலத் தலைவர் தல்பத் ராவின் செயலராக இப்போரில் உடனிருந்த பீம்சேன், பாரசீக மொழியில் எழுதிய தம் நினைவுக்குறிப்பில் 1692ஆம் ஆண்டு மழையைப் பற்றிச் சொல்கிறார். அவ்வாண்டு மழை அளவுக்கு மீறிப் பெய்தது. தானிய விலை ஏறியது. இரவும் பகலும் பதுங்கு குழிகளில் கிடந்த வீரர்கள் பெரிதும் துன்புற்றனர். சுற்றுவட்டாரம் முழுவதும் ஓர் ஏரியைப் போலக் காட்சியளித்தது.

இந்த நிலையில்தான் 1692 டிசம்பரில் சாந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் ஆகிய மராத்தியத் தளபதிகளின் குதிரைப்படை வந்து சேர்ந்தது. காஞ்சிபுரத்தின் முகலாயப் பொறுப்பாளர் அலி மர்தான் கான் சிறைப்பட்டார். முற்றுகையிட்டவர்களே முற்றுகைக்கு உள்ளாயினர். உணவு வரும் வழிகள் அடைபட்டன. 1693 ஜனவரியில் சுல்பிகர் கான் முற்றுகையைக் கைவிட்டு வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது. இளவரசர் காம் பக்‌ஷுக்கும் தளபதிகளுக்கும் இடையே மூண்ட பகையும், ராஜாராமுடன் நடந்த மறைமுகப் பேச்சுகளும் இத்தோல்விக்குக் காரணங்களாயின. எனினும், படையின் வலுவை முதலில் குலைத்தவை மழையும் பட்டினியுமே. ஏறத்தாழ ஏழரை ஆண்டுகள் கழித்து, 1698 தொடக்கத்தில்தான் கோட்டை வீழ்ந்தது. ராஜாராம் அதற்கு முன்பே தப்பிச் சென்றிருந்தார்.

கோட்டைக்குள் இருந்த நீர்

முற்றுகையிட்டவர்களை வாட்டிய அதே மழை, உள்ளே இருந்தவர்களுக்கு வாழ்வாக இருந்தது. ராஜகிரியின் அடிவாரத்தில் உள்ள சக்கரக்குளமும் செட்டிக்குளமும், கல்யாண மகாலுக்கு அருகிலுள்ள ஆனைக்குளமும் சரிவுகளில் வழியும் நீரைத் தேக்கின. குன்றின் மேலும் சுனைகளும் பாறைக் குட்டைகளும் உள்ளன. கல்யாண மகாலில் குழாய்கள் வழியே நீரை மேலே கொண்டுசென்றதற்கான அமைப்பு இருந்தது. மூன்று மாத மழையைப் பிடித்து ஒன்பது மாதம் பயன்படுத்துவதே இந்த ஏற்பாடுகளின் நோக்கம். பெரிய நெற்களஞ்சியங்களும் உடன் இருந்ததால், மழை பொய்க்காத ஆண்டில் வெளியே உள்ளவரை விட உள்ளே உள்ளவர் நீண்ட நாள் தாக்குப்பிடிக்க முடிந்தது. செஞ்சியின் வலிமையைப் பேசும்போது மதில்களையும் செங்குத்துப் பாறைகளையும் சொல்வது வழக்கம். இக்குளங்களையும் அவற்றோடு சேர்க்க வேண்டும்.

நாசிர் ஜங்கின் பாசறை (1750)

மழையின் விளைவை இன்னும் தெளிவாகக் காட்டுவது 1750ஆம் ஆண்டு நிகழ்ச்சி. அவ்வாண்டு செப்டம்பர் 11 அன்று இரவில், புஸ்ஸியின் முன்னணிப் படை உள்ளிட்ட பிரெஞ்சுப் படைகள் செஞ்சியைத் தாக்கி ஒரே இரவில் கைப்பற்றின. வெல்ல முடியாதது எனப் பெயர்பெற்ற கோட்டை இவ்வளவு விரைவில் வீழ்ந்தது எல்லாரையும் திகைக்க வைத்தது. அப்போது இன்னும் பருவமழை தொடங்கவில்லை.

ஆற்காட்டில் இருந்த ஐதராபாத் நிஜாம் நாசிர் ஜங், செய்தி கேட்டுப் பெரும்படையுடன் செஞ்சியை நோக்கிப் புறப்பட்டார். கோட்டைக்குச் சுமார் 16 மைல் தொலைவில் இருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. இருபுறமும் ஆறுகள் பெருகின. யானைகளும் பீரங்கிகளும் வண்டிகளும் கொண்ட அப்படையால் முன்னேறவும் முடியவில்லை, ஆற்காட்டுக்குத் திரும்பவும் முடியவில்லை. உணவு குறைந்தது, நோய் பரவியது. இரண்டு மாதங்களுக்கும் மேலாகப் படை அங்கேயே கிடந்தது.

இந்த இடைவெளி புதுச்சேரி ஆளுநர் துப்ளேக்குப் பயன்பட்டது. நிஜாமின் படையில் இருந்த கடப்பை, கர்நூல், சாவனூர் நவாபுகளுடன் அவர் மறைவாகப் பேச்சு நடத்திவந்தார். மழை ஓய்ந்ததும், 1750 டிசம்பர் 16 அன்று, செஞ்சியிலிருந்து புறப்பட்ட தெலா தூஷ் தலைமையிலான சிறிய பிரெஞ்சுப் படை பாசறையைத் தாக்கியது. குழப்பத்தின் நடுவே, தம் பக்கத்து நவாப் ஒருவராலேயே நாசிர் ஜங் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய சிறையில் இருந்த முசாபர் ஜங் புதிய நிஜாமாக அறிவிக்கப்பட்டார். தென்னிந்தியாவில் பிரெஞ்சுச் செல்வாக்கு உச்சத்தைத் தொட்டது இதன் பிறகே. நாசிர் ஜங் ஒரு மாதம் முன்னதாகச் செஞ்சிக்கு வந்திருந்தால் சதிக்கு அவ்வளவு அவகாசம் கிடைத்திருக்காது.

கடலும் காய்ச்சலும்

கடல்வழி வந்தவர்களுக்கும் இதே கணக்கு உண்டு. சோழமண்டலக் கரையில் அக்காலத்தில் புயலுக்கு ஒதுங்கத்தக்க துறைமுகம் இல்லை. ஆகவே ஐரோப்பியக் கப்பற்படைகள் அக்டோபர் நடுவில் கரையை விட்டு அகன்றுவிடுவது வழக்கம். 1746 அக்டோபரில் தாமதித்த லா பூர்தொனேயின் கப்பல்கள் சென்னைக்கு அருகே புயலில் சிதைந்தன. 1761 ஜனவரி 1 அன்று புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலக் கப்பல்கள் புயலில் சிக்கிப் பெருஞ்சேதம் அடைந்தன. எனினும் முற்றுகை தளரவில்லை. அம்மாதமே புதுச்சேரி பணிந்தது. கரையோரத் தலைமையிடம் வீழ்ந்த பின், கோடை தொடங்கிய ஏப்ரலில் செஞ்சியும் ஆங்கிலேயர் வசமானது.

செஞ்சிக் காய்ச்சலும் அந்நாளில் பேர்போனது. நூறு ஐரோப்பியருக்கு மேல் அங்கு நிறுத்தாத பிரெஞ்சுக்காரர், தம் பத்தாண்டுக் கால ஆட்சியில் 1,200 பேரைப் பறிகொடுத்ததாக ஆங்கில வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதியுள்ளார்.

இன்று செஞ்சிக்குச் செல்வோர்

2025 ஜூலையில், இந்தியாவின் மராத்திய இராணுவ நிலக்காட்சிகள் என்ற பெயரில் 12 கோட்டைகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. மற்ற 11 கோட்டைகளும் மகாராஷ்டிரத்தில் உள்ளவை. செஞ்சி மட்டுமே தமிழ்நாட்டில் உள்ளது. இந்த 12 கோட்டைகளையும் ஒரே பயணத்தில் காண விரும்புவோர், மகாராஷ்டிரத்தில் மழை ஓய்ந்து பயணக் காலம் தொடங்கும் அக்டோபரில் செஞ்சியில் மழை தொடங்குகிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பழைய படைகள் செய்த பிழை இதுவே.

டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை செஞ்சிக்கு ஏற்ற காலம். குளங்களில் நீர் நிறைந்திருக்கும், குன்றுகள் பசுமையாக இருக்கும், வெயிலும் தணிந்திருக்கும். ராஜகிரி சுமார் 240 மீட்டர் உயரம். உச்சியை நெருங்கும்போது ஆழமான பாறைப் பிளவு ஒன்றைப் பாலத்தின் வழியே கடக்க வேண்டும். நனைந்த கற்படிகள் வழுக்கும் என்பதால் மழை நாளில் ஏறுவது ஆபத்து. ஏப்ரல், மே மாதங்களில் பாறை வெப்பம் கடுமையாக இருப்பதால் காலையிலேயே ஏறத் தொடங்க வேண்டும்.

மழையின் வேகத்தைக் குறைத்து மதிப்பிடலாகாது. 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, செஞ்சிக்குக் கிழக்கே உள்ள மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை பதிவானது. விழுப்புரம் மாவட்டத்தின் சாலைகளும் வயல்களும் நீரில் மூழ்கின. 1692இல் பீம்சேன் ஏரி என்று எழுதியதும், 1750இல் நாசிர் ஜங் சிக்கிக்கொண்டதும் எத்தகைய மழையாக இருந்திருக்கும் என்பதை அந்த நாள்களைக் கண்டவர்கள் எளிதில் புரிந்துகொள்வர்.