மூளைக்கட்டி அறுவைச் சிகிச்சையும் இரத்தக்குழாய்ச் சிக்கல்களும்

மூளைக்கட்டியை அகற்றிய பின் நோயாளியின் உயிருக்கு ஆபத்து விளைவிப்பவற்றுள் இரத்தக்குழாய்ச் சிக்கல்கள் முக்கியமானவை. கட்டி இருந்த இடத்தில் இரத்தம் கசிதல், சிரைகளில் இரத்தம் உறைதல், தமனிகள் இறுகிச் சுருங்குதல் என அவற்றைப் பிரிக்கலாம்.

வரலாறு

தொடக்கக் காலத்தில் மருத்துவர்களை அச்சுறுத்தியது இரத்தப்போக்கே. அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங், சிறு வெள்ளிக் கவ்விகளால் இரத்தக்குழாய்களை அடைக்கும் முறையை 1911இல் வெளியிட்டார். 1926இல் வில்லியம் போவி உருவாக்கிய மின்கருவியின் துணையால், இரத்தப்போக்குக்கு அஞ்சிக் கைவிட்ட கட்டிகளையும் அவர் அகற்றினார். 1927இல் போர்ச்சுகல் மருத்துவர் எகாஸ் மோனிஸ், தமனியில் சாயமருந்து செலுத்தி மூளையின் இரத்தக்குழாய்களை எக்ஸ்ரே படத்தில் காட்டினார். ஆஞ்சியோகிராம் எனப்படும் இம்முறையால்தான், மூளைத் தமனி வெடித்த நோயாளிகளிடம் தமனி இறுக்கம் ஏற்படுவதை எக்கர், ரீமன்ஷ்னைடர் ஆகியோர் 1951இல் பதிவு செய்தனர். மூளைக்கட்டி அறுவைக்குப் பின்னும் இது அரிதாக நேர்வது பின்னர் தெரியவந்தது. மண்டையோட்டின் அடிப்பகுதியில், பெரிய தமனிகளை ஒட்டி வளரும் கட்டிகளில் இதற்கான வாய்ப்பு கூடுதல்.

தமிழ்நாட்டில்

கனடாவில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி, 1949இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நரம்பியல் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவில் இத்துறை வேர்கொண்டது அங்கேதான். 1950இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பா. ராமமூர்த்தி நரம்பியல் அறுவைப் பணியைத் தொடங்கினார். அப்போது சி.டி. ஸ்கேன் கிடையாது, அது 1971இல்தான் லண்டனில் முதன்முதலாக நோயாளிக்குப் பயன்பட்டது. நினைவுநிலை, கண்மணியின் அளவு, கைகால் வலிமை ஆகியவற்றை மணிக்கு மணி சோதித்தே உள்ளே நடப்பதை மருத்துவர்கள் கணித்தனர்.

மலைப்பகுதி நோயாளிகள்

இரத்தக்கசிவு பெரும்பாலும் முதல் நாளிலேயே, நோயாளி மருத்துவமனையில் இருக்கும்போதே தோன்றும். தமனி இறுக்கமோ சில நாள் கழித்து, பொதுவாக இரண்டு வாரங்களுக்குள் வருகிறது. அதற்குள் நோயாளி வீடு திரும்பியிருக்கலாம். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து வத்தலக்குண்டு வழியாக மதுரைக்குச் சுமார் 120 கி.மீ. பூம்பாறை, மன்னவனூர் போன்ற பழனிமலைச் சிற்றூர்களில் இருப்போர் முதலில் கொடைக்கானலுக்கே வர வேண்டும். ஆகவே குழப்பம், அதிக உறக்கம், பேச்சுக் குழறல், ஒருபக்கக் கைகால் தளர்ச்சி, வலிப்பு, கடும் தலைவலி ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஒரு காலில் மட்டும் வீக்கம், திடீர் மூச்சுத்திணறல் ஆகியவையும் இரத்த உறைவின் அறிகுறிகளாகலாம். ஸ்கேன் கருவிகள் பெருகிவிட்ட இக்காலத்திலும், மாற்றத்தை முதலில் காண்பவர் அருகிலிருக்கும் வீட்டாரே.